வாண்டாவின் மட்டரகத் துப்பாக்கி

மலிவு விலை லீவர் ஷாட்கன் வாங்கலாமா என்று கார்வின் ஊரில் யாரைக் கேட்டாலும், பத்துக்கு ஒன்பது பேர் வாங்காதே என்றுதான் சொல்வார்கள். பத்தாவது ஆள் வாண்டா ப்ரூவிட். அவளும் வாங்காதே என்றுதான் சொல்வாள். ஆனால் அவளிடமே அப்படி ஒன்று இருக்கிறது. அதை யாராவது குறை சொல்லிவிட்டால் மட்டும் அன்றைக்கு அவர்களுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

வாண்டாவுக்கு வயது அறுபத்தொன்று. அமெரிக்காவில் அர்க்கன்சா மாநிலத்தின் இந்த மலைப்பக்கத்தில் பாதிப் பேர் கோழிக்கறித் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறார்கள். அவளும் அங்கேதான் இருபத்தேழு வருஷம் நின்றாள். ஓடுகிற பெல்ட்டின் முன்னால் நின்று, வருகிற கோழியின் எலும்பையும் கறியையும் பிரிப்பது வேலை. நிமிஷத்துக்கு எத்தனை கோழி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விடுங்கள். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தொழிற்சாலைக்காரர்கள் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளுக்கென்று உண்டு. பைன் ஹாலோ கிளப்பில் அன்றைக்குச் சுடும் போட்டி. எல்லாரும் நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்களைப் போல உடுத்திக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். இரண்டு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன், எல்லாம் அந்தக் காலத்து மாதிரிதான் இருக்கவேண்டும். கடிகாரம் ஓட ஓட இரும்புத் தகடுகளைச் சுட்டுத் தள்ளவேண்டும். வாண்டாவின் பட்டப்பெயர் ‘கோழிக்கால் கேட்டி’. நீளப் பாவாடையும் தலையில் கறுப்புத் தொப்பியுமாக அவள் வந்து நின்றால், தொழிற்சாலையில் ரப்பர் பூட்ஸோடு பார்த்தவர்களுக்கு அடையாளமே தெரியாது. பரிசு ஒன்றும் பெரிதாக வாங்கியதில்லை. நடுவில் எங்கேயோ வருவாள். அது அவளுக்குப் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், பெல்ட்டின் சங்கிலியில் அவளுடைய இடது கையுறை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கை ஆறியதும் தொழிற்சாலை அவளுக்கு ஒரு ஸ்டூலும் ஒரு பென்சிலும் கொடுத்தது. கறித்தொட்டி வந்தால் தாளில் ஒரு கோடு போடவேண்டும். அடுத்தது வந்தால் இன்னொரு கோடு. எட்டு மணி நேரமும் அதுதான்.

“சம்பளத்துல ஒரு காசு குறைக்கலையே, அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?” என்றான் மேற்பார்வையாளன். அவனுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி ஜெரால்ட் கிம்ப்ரோ அவள் வீட்டுக்கு வந்தார். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். எதைப் பார்த்தாலும் அதில் என்ன விபத்து நடக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பார். கிளப்பில் அவர் பெயர் ‘நீதிபதி கருங்கல்’. மார்பில் தகர நட்சத்திரம் குத்திக்கொண்டு திரிவார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அவர் மனைவி செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றையும், புதிதாகச் சீவிய ஒரு பென்சிலையும் கொண்டுவந்திருந்தார்.

“நாங்க எல்லாரும் பேசினோம் வாண்டா. நீ கிளப்ப விட்டுப் போகக் கூடாது. மதிப்பெண் எழுதற மார்லீனுக்கு முதுகு வலி, அவளால முழு நாள் உக்கார முடியல. இனிமே அந்த வேலைய நீ பாத்துக்க.”

“சுடறது?”

“இந்தக் கையோடயா? உன் நல்லதுக்குத்தான சொல்றேன்.”

வாண்டா பலகாரத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள். பென்சிலை அவர் சட்டைப்பையில் செருகினாள்.

“பலகாரம் இருக்கட்டும். இத எடுத்துட்டுப் போ.”

அவர் போனபிறகு அவள் அழுதாள். கணவன் ஹாலிஸ் பலகாரத்தை வெட்டி இரண்டு தட்டில் போட்டான். முக்கால்வாசியை அவளே தின்றாள். தின்றுகொண்டே அந்த ஆளின் தாத்தா வரைக்கும் திட்டினாள்.

ஆனால் ஜெரால்ட் சொன்னதில் ஒரு பாதி உண்மை, அதையும் சொல்லவேண்டும். கைத்துப்பாக்கியும் ரைஃபிளும் அவளுக்குத் தொல்லையில்லை, அவற்றில் வேலையெல்லாம் வலது கைக்குத்தான். ஷாட்கன்தான் சிக்கல். அவளிடம் இருந்தது பழைய இரட்டைக்குழல். சுட்டபிறகு அதை மடக்கித் திறந்து, வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால்தான் காலித் தோட்டாக்கள் வெளியே விழும். மூன்று விரலில் அந்தப் பிடி வரவில்லை. குழலுக்கு அடியில் கைப்பிடியை முன்னும் பின்னும் இழுக்கிற வகையும் உண்டு, அதற்கும் இடது கைதான் வேண்டும். மிச்சம் இருப்பது லீவர் வகை ஒன்றுதான். அதில் இடது உள்ளங்கை குழலைத் தாங்கினால் போதும். விசைக்கு அடியில் வளையமாக இருக்கிற லீவரைக் கீழே தள்ளுவது, மேலே திறக்கிற இடத்தில் தோட்டா போடுவது, மூடுவது, சுடுவது எல்லாம் வலது கை பார்த்துக்கொள்ளும்.

கார்வினில் துப்பாக்கிக் கடை ஒன்றுதான், டெல்மரின் கடை. லீவர் ஷாட்கன் இரண்டு வைத்திருந்தான். ஒன்று கைதேர்ந்த ஆள் இழைத்துச் சரிசெய்தது. விலையைப் பார்த்ததும் வாண்டா அதை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். இன்னொன்று எங்கேயோ கடல் தாண்டிச் செய்த மலிவு நகல், அதில் கால்வாசி விலை. கட்டையில் சிவப்பு வார்னிஷ் மிட்டாய் போல மின்னியது.

“வாண்டாம்மா, உங்ககிட்ட பொய் சொல்லி நான் எங்க போறது?” என்றான் டெல்மர். “இது துப்பாக்கி இல்ல. துப்பாக்கி செய்யறதுக்கான சாமான். மீதிய வாங்கறவங்கதான் செய்யணும். மூணு பேர் வாங்கினாங்க, மூணு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க.”

“சுடுமா?”

“சுடும். முதல் தோட்டா சுடும். ரெண்டாவது தோட்டா அதுக்கு மனசு வந்தாத்தான்.”

“எனக்கும் அப்படித்தான். கட்டிக் குடு.”

வீட்டுக் கொல்லையில் முதல் தடவை லீவரைத் தள்ளியபோது அது கதவு சிக்கிக்கொண்டதைப் போலப் பாதியில் நின்றது. முழங்காலில் வைத்து அமுக்கினாள். உள்ளே கூராக நீட்டிக்கொண்டிருந்த இரும்பு தோட்டாவின் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டது. பத்து தோட்டா சுடுவதற்குள் ஒரு திருகாணி கழன்று புல்லில் விழுந்தது. வார்னிஷ் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, குப்பை என்றால் அசல் குப்பை.

“திருப்பிக் குடுத்துடு, தாயே” என்றான் ஹாலிஸ்.

“என்னையும்தான் திருப்பிக் குடுக்கச் சொல்றாங்க. குடுக்கிறியா?”

ஹாலிஸ் குனிந்து புல்லில் விழுந்த திருகாணியைத் தேட ஆரம்பித்தான்.

குளிர்காலம் முழுக்க சமையலறை மேசையில் அந்தத் துப்பாக்கி அக்கக்காகப் பிரிந்து கிடந்தது. அரத்தை வலது கையில் பிடித்தால், ராவவேண்டிய இரும்பைப் பிடிக்க இடது கைக்கு வலுவில்லை. மேசை விளிம்பில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றை மாட்டி, தோலைச் சுற்றி, அதில் இறுக்கிக்கொண்டாள். கூரான ஓரங்களை ஒவ்வொன்றாக ராவினாள். பிறகு உப்புத்தாள், அதைவிட நைசான உப்புத்தாள், கடைசியில் எண்ணெய்த் துணி. இருபத்தேழு வருஷம் கோழியின் மூட்டு எங்கே பிரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவளுக்கு இரும்பு எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஹாலிஸ் காலைப் பலகாரத்தைத் தட்டோடு மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

அதன்பிறகு லீவரைப் பழக்கவேண்டும். மருந்து இல்லாத பொய்த் தோட்டாக்களைப் போட்டு, டிவி பார்த்துக்கொண்டே ஒரு மாலைக்கு முந்நூறு தடவை. க்ளக், க்ளக். ஹாலிஸ் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கூடைப்பந்து வர்ணனை கேட்டான். மார்ச் வந்தபோது லீவர் ஒரு கையில் மென்மையாக இறங்கி ஏறியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. ஐம்பது அறுபது தடவைக்கு ஒருமுறை இரண்டாவது தோட்டா மேலே வராமல் உள்ளே நழுவிக் குறுக்கே படுத்துக்கொள்ளும். படுத்தால் லீவர் அந்தப் பக்கமும் அசையாது, இந்தப் பக்கமும் அசையாது. அந்த ஒரு கோளாறை அவளால் என்ன செய்தும் தீர்க்க முடியவில்லை. ஹாலிஸிடம் மட்டும் சொன்னாள்.

மே மாதம் அதைக் கிளப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

“கேட்டி, அத வச்சு தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுக்கலாம்!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

“குடுக்கலாம். உன் குறிய வச்சு செடிக்குத் தண்ணிகூட ஊத்த முடியாது” என்றாள் அவள்.

ஆனால் அன்றைக்கே, மூன்றாவது சுற்றில், தோட்டா குறுக்கே படுத்துக்கொண்டது. கூட்டத்தின் முன்னால் லீவரைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். ஜெரால்ட் வந்து அவள் தோளைத் தொட்டார். அவர் முகத்தில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“போதும் வாண்டா. அரைகுறைக் கை, அரைகுறைத் துப்பாக்கி. யாருக்காவது ஏதாவது ஆனா நான் என்ன பதில் சொல்றது?”

“நான் இதுவரைக்கும் பாதுகாப்புத் தப்பு ஒண்ணு பண்ணியிருக்கேனா? ஒரே ஒண்ணு காட்டு.”

“இதுவரைக்கும் பண்ணல.”

“அப்ப ஒரு பந்தயத்துக்கு வா. அக்டோபர் பெரிய போட்டி. ஆறு சுற்று. ஒரு தப்பு பண்ணினேன்னா நானே வந்து உன் பென்சில வாங்கிக்கிறேன், சாகற வரைக்கும் கோடு போடறேன். பண்ணலைன்னா என் கையப் பத்தியும் துப்பாக்கியப் பத்தியும் இந்தக் கிளப்புல ஒருத்தன் வாயத் திறக்கக் கூடாது.”

ஜெரால்ட் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

“சரி.”

“எழுதிக் குடு.”

மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார்.

அக்டோபர் போட்டிக்கு நாற்பத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். மரமெல்லாம் சிவந்திருந்தது. பெரிய சட்டியில் பீன்ஸும் பன்றிக்கறியும் கொதித்தன, பக்கத்தில் சோளரொட்டி அடுக்கியிருந்தது. ஹாலிஸ் காலையிலிருந்தே அந்தச் சட்டியை விட்டு நகரவில்லை, பதற்றம் வந்தால் அவனுக்குப் பசிக்கும்.

கிளப்பில் விதிகள் பல. எல்லாவற்றுக்கும் தலையான விதி ஒன்றுதான். துப்பாக்கிக் குழலின் வாய் எப்போதும் எதிரே இருக்கிற மண்மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். காலித் துப்பாக்கியானாலும் சரி, அது ஓர் ஆளின் மேல் திரும்பிவிட்டால் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போகவேண்டும், யாராக இருந்தாலும். இதில் கொம்பன்களே விழுந்திருக்கிறார்கள். எப்படி என்றால், துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கத் தோன்றும். பார்க்க வேண்டுமானால் அதை முகத்துக்கு நேரே திருப்பத் தோன்றும். திருப்பினால் வாய் பக்கவாட்டில் போய்விடும். இருபது வருஷ அனுபவம் அந்த ஒரு நொடியில் மறந்துபோகும்.

முதல் ஐந்து சுற்றும் ஒழுங்காகப் போயின. வாண்டா மெதுவாகத்தான் சுட்டாள். எச்சரிக்கையாக, அவசரப்படாமல், தோட்டாவை இரண்டிரண்டாக எடுத்துப் போட்டாள். துப்பாக்கி ஒருதடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. மதிய உணவின்போது இரண்டு பேர் வந்து அதைத் தொட்டுப் பார்த்து, லீவரை அசைத்து, “பரவாயில்லையே” என்றார்கள். அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாலும் உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

ஆறாவது சுற்றுக்கு ஜெரால்டே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். பீப் என்றது. கைத்துப்பாக்கிகள் முடிந்தன. ரைஃபிள் முடிந்தது. ஷாட்கன்னை எடுத்து, லீவரைத் தள்ளி, இரண்டு தோட்டா போட்டு மூடினாள். நான்கு தகடுகள். முதல் தகடு விழுந்தது. லீவரைத் தள்ளினாள். பாதியில் நின்றது.

கூட்டத்தில் ஒருவர் “அய்யோ” என்றார். அது மார்லீன். வாண்டாவின் கண் தானாகவே கீழே போயிற்று. சற்றுத் திருப்பினால் போதும், தோட்டா எப்படிப் படுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கொல்லையில் நூறு தடவை பார்த்த கோளாறு, ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். கை அரித்தது. பின்னால் ஜெரால்ட் ஓரடி நெருங்கி வருவது அவளுக்குக் கேட்டது. மூன்று தகடு நின்றுகொண்டிருந்தது.

வாய் மண்மேட்டைப் பார்க்கிறபடியே துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். ஓரடி பின்னால் வந்து வலது கையைத் தூக்கினாள்.

“சிக்கிக்கிச்சு! உள்ள தோட்டா இருக்கு. நான் முடிச்சுட்டேன்!”

விழாத ஒவ்வொரு தகட்டுக்கும் ஐந்து நொடி தண்டம். மெதுவாகச் சுட்டதில் ஏற்கெனவே பின்தங்கியிருந்தவள், இப்போது அடிமட்டத்துக்கே போய்விட்டாள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

“பாத்தீங்களா?” என்றார் ஜெரால்ட், கூட்டத்தைப் பார்த்து. “இதத்தான் மே மாசத்துலேர்ந்து தலையால தண்ணி குடிச்சுச் சொல்லிட்டிருக்கேன்.”

சிக்கிய துப்பாக்கியைப் பக்கத்து மேசைக்குக் கொண்டுபோய், அங்கே தோட்டாவை எடுக்கவேண்டும். அதற்காக ஜெரால்ட் அதைக் கையில் தூக்கினார். இரண்டடி நடந்தார். நடக்கும்போதே லீவரை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. “இது எங்க மாட்டியிருக்கு பாரு” என்று எல்லாருக்கும் காட்டுகிறவர் மாதிரி குனிந்து, உள்ளே பார்க்க அதை முகத்துக்கு நேரே திருப்பினார்.

குழல் மண்மேட்டை விட்டு நகர்ந்தது. மரத்தைத் தாண்டியது. பீன்ஸ் சட்டியைத் தாண்டி, தட்டோடு நின்ற ஹாலிஸின் வயிற்றுக்கு நேரே வந்தது.

“வாய்!” என்று கத்தினாள் வாண்டா.

தொழிற்சாலையில் அத்தனை இயந்திரச் சத்தத்தையும் தாண்டி பெல்ட்டின் மறுகோடிக்குக் கேட்கிற தொண்டை அது. ஹாலிஸ் தட்டோடு தரையில் விழுந்தான். பின்வரிசையில் ஐந்தாறு பேர் குனிந்தார்கள். ஜெரால்ட் சிலையாக நின்றார். பிறகு, மிகமிக மெதுவாக, குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, மேசையில் வைத்தார்.

ஜெரால்டின் முகம் மாவு பூசினதுபோல் வெளுத்திருந்தது. விதியை எழுதியவரே அவர்தான். மார்பிலிருந்த தகர நட்சத்திரத்தைக் கழற்றினார். ஊசி சட்டையில் மாட்டிக்கொண்டது, இன்னொரு தடவை இழுத்தார்.

“உள்ள தோட்டாவோட ஆள் மேல திருப்பிட்டேன்” என்றார். “நான் வீட்டுக்குப் போகணும். எழுதிக்க, மார்லீன்.”

வாண்டாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததா? ஒரு நொடி இருந்தது. அப்புறம் சட்டையெல்லாம் பீன்ஸாக எழுந்து நின்ற ஹாலிஸைப் பார்த்தாள். அந்தப் பாவம் போன இடம் தெரியவில்லை.

துப்பாக்கியை அவளே எடுத்தாள். குழலை எதிர்ப்பக்கம் பிடித்தபடி நடந்து, தோட்டா எடுக்கிற மேசையில் வைத்து, திருப்புளியால் உள்ளே ஒரு நெம்பு நெம்பினாள். தோட்டா துள்ளி வெளியே விழுந்தது. லீவர் க்ளக் என்று இறங்கியது.

மாலையில் மார்லீன் நாற்காலிமேல் ஏறி நின்று மதிப்பெண் வாசித்தாள். கோழிக்கால் கேட்டிக்குக் கடைசி இடம்.

“பாதுகாப்புத் தப்பு?” என்று வாண்டா அங்கிருந்தே கேட்டாள். அவளுக்குத் தெரியும். ஊருக்குக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

மார்லீன் தாளை மறுபடி பார்த்தாள். “ஒண்ணும் இல்ல. ஆறு சுற்றும் சுத்தம்.”

கைதட்டு பலமாகத்தான் இருந்தது. மே மாதம் சிரித்தவர்களும் தட்டினார்கள். வாண்டா யாருக்கும் தலையாட்டவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டு வண்டியின் பின்பக்கம் வைக்கப் போனாள்.

வீட்டுக்குப் போயிருந்த ஜெரால்ட் திரும்பி வந்து அங்கே காத்துக்கொண்டிருந்தார். நட்சத்திரம் இல்லாத சட்டையில் இரண்டு ஓட்டை தெரிந்தது.

“பேசினபடிதான், வாண்டா. நீ சுடலாம். யாரும் வாயத் திறக்க மாட்டாங்க.” உறையைப் பார்த்தார். “ஆனா உண்மையச் சொல்லு. அந்தத் துப்பாக்கி குப்பைதான? எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கான், நல்லா இழைச்சுக் குடுப்பான். செலவு என்னோடது. குடு, நான் கொண்டு போறேன்.”

அவர் உறையைப் பிடிக்கக் கையை நீட்டினார். வாண்டா தன் மூன்று விரலை அதன்மேல் அழுத்தி வைத்தாள்.

“குப்பைதான்” என்றாள். “என் குப்பை. கைய எடு.”